பெரிய ஸ்டெப்னி அடியில் உட்கார மறுத்தால்: பிக்கப் வண்டிக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றுகிற வண்டி, தொண்டியிலிருந்து மீன் பெட்டி கொண்டுவருகிற வண்டி, காரைக்குடியிலிருந்து பழைய தேக்குத் தூணும் நிலையும் ஏற்றிப் போகிற வண்டி எதுவானாலும், லோடும் செம்மண் பாதையும் சேர்ந்தால் ஓட்டுபவர் டயரை ஒரு சைஸ் கூட்டிவிடுகிறார். நான்கு சக்கரமும் பெரிதான பிறகு ஸ்டெப்னி மட்டும் பழைய சைஸில் வண்டிக்கு அடியில் தொங்கும். அதையும் மாற்றப் போகும்போதுதான் தகராறு தொடங்குகிறது. கம்பெனி விட்ட இடம் பழைய டயருக்கு அளந்து விட்ட இடம்.

எவ்வளவு கூடியிருக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். 215/75 ஆர் 15 டயரின் உயரம் 703 மி.மீ. சொச்சம் (215-ஐ 0.75-ஆல் பெருக்கி, இரட்டித்து, 15 அங்குலத்துக்கு 381 மி.மீ. கூட்டினால் வரும்). 235/75 ஆர் 15 என்றால் 733 சொச்சம். குறுக்களவில் 30 மி.மீ. கூடும், அதாவது சுற்றிலும் 15 மி.மீ. அகலத்திலும் 20 மி.மீ. கூடுவதால் டயர் அந்த அளவு கீழே இறங்கி நிற்கும். 7.00 ஆர் 16-க்குப் போனால் உயரம் ஏறத்தாழ 775 மி.மீ.; பழைய 15 அங்குல டயரைவிடப் பக்கத்துக்கு மூன்றரை செ.மீ. கூடுதல். 15 மி.மீ. வித்தியாசத்தைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மூன்றரை செ.மீ. என்றால் வெட்டு, வெல்டிங் என்று பேச்சு வரும். அதற்கு முன் செய்ய வேண்டியவை பல உண்டு.

வேலை தொடங்கும்போது: சமதரை, கைபிரேக், முன் சக்கரத்துக்கு அடைக்கல். ரிம்மோடு சேர்ந்த பெரிய டயர் 30 கிலோவைத் தாண்டும். கம்பியில் தொங்கும் டயருக்கு நேர்கீழே தலையைக் கொடுக்காதீர்கள். டயருக்கு அடியில் எப்போதும் ஒரு மரக்கட்டை இருக்கட்டும்.

## 1. பாதி தூரம் ஏறி முட்டி நிற்கிறது

கிரைண்டரை எடுப்பதற்கு முன் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். டயரின் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் தாராளமாகப் பூசி, வின்ச்சில் (ஹேண்டிலைச் சுற்றினால் கம்பிக் கயிற்றால் ஸ்டெப்னியைத் தூக்கும் கருவி) முட்டும்வரை ஏற்றி இறக்குங்கள். சுண்ணாம்பு ஒட்டிய இடமே குற்றவாளி. கண்ணால் பார்த்து ‘சைலன்சரில்தான் இடிக்குது’ என்று சொல்வது பாதி நேரம் தப்பாகிவிடும். உண்மையில் ஷாக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) போல்ட்டின் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் டயர் தொட்டுக்கொண்டு நிற்கும்.

டயர் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? காசில்லாத வைத்தியம் இதுதான், ஆனால் இதைத்தான் யாரும் செய்து பார்ப்பதில்லை. ரிம்மில் நட்டு மாட்டும் தட்டு அகலத்துக்கு நடுவில் இருப்பதில்லை, வெளிப்பக்கம் தள்ளியிருக்கும். வால்வு தெரிகிற வெளிமுகம் கீழே பார்க்கும்படி வைத்தால், குழிவான உள்பக்கம் வின்ச் பெட்டியை உள்ளே வாங்கிக்கொள்ளும், டயர் அந்த அளவு மேலேறும். தட்டு நடுவிலிருந்து 30 மி.மீ. தள்ளியிருந்தால், புரட்டிப் போடுவதில் 60 மி.மீ. வித்தியாசம் கிடைக்கும். வால்வும் கீழே இருப்பதால் காற்று பார்க்க வசதி. வின்ச்சைத் தாங்கும் குறுக்குச்சட்டம் ரிம்முக்குள் போகாத அளவு அகலமாக இருந்தால் மட்டும் புரட்டியும் பயன் இருக்காது.

நுழையும் வழி மட்டும் இறுக்கமா, உட்காரும் இடமே இறுக்கமா? பம்பருக்கும் சேசிஸுக்கும் இடையில் நுழையும்போது மட்டும் தட்டுகிறது, தாண்டிவிட்டால் உள்ளே இடம் இருக்கிறது என்றால் காற்றைக் குறைத்து ஏற்றலாம். 10 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். காற்று குறைந்ததும் டயர் தானாகச் சுருங்கிவிடாது. லீவரால் நெம்பினால் அமுங்க இடம் கொடுக்கும். ஏறி உட்கார்ந்ததும் பழையபடி காற்று ஏற்றுங்கள். 12 பிளை (அடுக்கு) டயரில் பக்கச்சுவர் கட்டையாக இருக்கும், இந்த வித்தை அதிகம் எடுபடாது.

உட்காரும் இடத்திலேயே இறுக்கம் என்றால் காற்றைக் குறைத்து ஏற்றாதீர்கள். ஏற்றிவிடலாம்தான். பிறகு காற்று நிரப்பியதும் டயர் எதன்மேல் அழுந்துகிறதோ அதை ஓட்டத்தில் அரைத்துக்கொண்டே இருக்கும். ரோட்டில் இறக்க வேண்டிய நேரத்தில் இறங்கவும் செய்யாது.

முட்டுவது கழற்றக்கூடிய பொருளா? நீண்ட போல்ட் முனை, டோ கொக்கி, மட்கார்டு தாங்கி, பின்னாளில் மாட்டிய பம்பர் கம்பி ஆகியவற்றைக் கழற்றலாம், திருப்பி மாட்டலாம். போல்ட்டை உள்ளிருந்து வெளியே திருப்பிப் போட்டாலே 10 மி.மீ. கிடைத்த வண்டிகள் உண்டு. ஷாக்கிள் போல்ட்டைத் திருப்புவது என்றால் பட்டைக்கட்டின் (பட்டை ஸ்பிரிங்) பாரம் அதன்மேல் நிற்கிறது. அது பட்டறை வேலை.

வின்ச்சை நகர்த்த முடியுமா? முன்னால் ஹவுசிங்கில் (பின் ஆக்சிலின் கூடு) முட்டுகிறது, பின்னால் பம்பர் பக்கம் மூன்று நான்கு செ.மீ. இடம் சும்மா கிடக்கிறது என்றால் இதுதான் சரியான வழி. 6 மி.மீ. இரும்புத் தட்டில் பழைய போல்ட் துளைகளுக்கு ஒரு வரிசை, புதிய இடத்துக்கு ஒரு வரிசை துளை போட்டு, வின்ச்சை அந்தத் தட்டின் வழியாகப் பின்னுக்குத் தள்ளலாம். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும்; நைலான் லாக் நட் போடுங்கள். ஹேண்டில் நுழையும் பம்பர் ஓட்டையும் வின்ச்சும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று முடுக்குமுன் பாருங்கள். இதை மறந்தால் தட்டு அழகாக உட்கார்ந்திருக்கும், ஹேண்டில் கோணலாகப் போய் முனையில் பிடிக்காது.

சில வண்டிகளில் வின்ச் இல்லாமல் தொட்டில் போன்ற சட்டம், இரண்டு நீண்ட போல்ட்டில் தொங்கும். அதில் அகலம் கூடினால் போல்ட்டின் நீளத்தைக் கூட்டினால் போதும். கடையில் கிடைக்கும் சாதா மரைக் கம்பியை வெட்டிப் போடாதீர்கள், குலுக்கலில் மரை விட்டுவிடும்.

பட்டறைக்குப் போக வேண்டிய இடம்: டயருக்கு மேலே பிரேக் பைப், ஏ.பி.எஸ். ஒயர், டீசல் குழாய் ஏதாவது நசுங்குகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தாங்கியின் ஓரக் காதை 5 மி.மீ. அரைப்பது தவறில்லை. சேசிஸ் சட்டத்தின் மேல் கீழ் விளிம்பில் துளை போடுவதும் வெட்டுவதும் வேறு விஷயம். ‘ஒரு இன்ச் அறுத்துவிட்டாப் போதும்ணே’ என்று பட்டறையில் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். விரிசல் அந்த வெட்டின் மூலையிலிருந்துதான் கிளம்பும், அதுவும் லோடு ஏற்றிய நாளில். தாங்கியில் வெல்டிங் தவிர்க்க முடியாது என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், எர்த் கிளிப் வெல்டிங் போடும் இடத்துக்கு அருகிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டி போய்விடலாம், அதற்கு டயர் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

## 2. ஏறிவிட்டது, ஆனால் கடகடவென்று ஆடுகிறது

கையால் டயரின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆடினால் டயர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இறக்கி, கம்பியின் முனையில் இருக்கும் தூக்குத் தட்டு ரிம்மின் நடு ஓட்டையில் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி ஏற்றுங்கள். வின்ச் ‘டக் டக்’ என்று வழுக்கும் சத்தம் வரும்வரை முடுக்க வேண்டும். பெரிய டயர் சீக்கிரமே கனமாகத் தெரிவதால் பலர் முன்கூட்டியே விட்டுவிடுகிறார்கள்.

அலாய் ரிம்மை ஸ்டெப்னியாகப் போட்டால் நடு ஓட்டை பெரிதாக இருக்கலாம். தூக்குத் தட்டு ஓட்டையைவிடச் சுற்றிலும் 10 மி.மீ.யாவது பெரிதாக இல்லாவிட்டால், குலுக்கலில் தட்டு சாய்ந்து ஓட்டை வழியே நழுவிவிடும், டயர் ரோட்டில் கிடக்கும். பின்னால் பைக்கில் வருபவரை நினைத்துப் பாருங்கள். பெரிய தட்டு லேத்துப் பட்டறையில் கடைந்து கிடைக்கும்; 6 மி.மீ. கனம் போதும், நடுவில் வாஷர் போல ஒரு படி விட்டுக் கடையச் சொல்லுங்கள், ஓட்டைக்குள் நின்று நடு தவறாமல் இருக்கும்.

சுற்றிலும் ஒரே மாதிரி ஆடினால் டயர் சேசிஸைத் தொடவே இல்லை, கம்பியில் மட்டும் தொங்குகிறது. பழைய லாரி டியூபையோ கன்வேயர் பெல்ட் துண்டையோ மடித்து, குறுக்குச்சட்டத்தில் டயர் தொடும் மூன்று இடங்களில் போல்ட்டால் கட்டுங்கள். கயிற்றால் டயரைச் சேர்த்துக் கட்டுவது தேவகோட்டை போய்ச் சேரும்வரைக்கும் சரி, அதற்குமேல் வேண்டாம்.

## 3. வெறும் வண்டியில் அமைதி, லோடு ஏற்றினால் உரசல்

இந்த ஒரு கோளாறுதான் அதிகம் ஏமாற்றும். பட்டறையில் வெறும் வண்டியில் பார்த்து ‘இரண்டு விரல் இடம் இருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள். லோடு ஏறியதும் பட்டை நிமிர்கிறது, ஆக்சில் மேலே வருகிறது. மேலே வருவதோடு நிற்பதில்லை. பட்டையின் முன்முனை இரும்பு முளை போட்டு நிலையாக இருக்கிறது, பின்முனை ஷாக்கிளில் நகர்கிறது. அதனால் பட்டை நிமிர நிமிர ஆக்சில் சற்றுப் பின்னாலும் நகரும். ஹவுசிங் நேராக ஸ்டெப்னியை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் முறை: ஆக்சிலுக்கும் அதன் மேலே இருக்கும் பம்ப் ரப்பருக்கும் உள்ள இடைவெளியை வெறும் வண்டியில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். குழியில் விழும்போது ஆக்சில் அதிகபட்சம் அவ்வளவு மேலே வரும், ரப்பர் நசுங்கும் அளவு இன்னும் கொஞ்சம். இப்போது ஹவுசிங்கின் பின்முகத்தில் அந்த உயரத்தைக் குறித்துப் பாருங்கள்: அந்த உயரத்தில் டயரின் முன்விளிம்பு குறுக்கே வருகிறதா?

குறுக்கே வந்தால், ஈரக் களிமண்ணை முட்டை அளவு உருட்டி, டயரின் முன்விளிம்பில் ஹவுசிங்குக்கு நேரே ஒட்டுங்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டை 20 ஏற்றினால் ஒரு டன். உங்கள் வழக்கமான லோடு எதுவோ அதை ஏற்றி, கண்மாய்க் கரைப் பாதையில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் போய்வாருங்கள். மிஞ்சியிருக்கும் களிமண்ணின் கனமே உங்கள் உண்மையான இடைவெளி. 25 மி.மீ.க்குக் குறைந்தால் வின்ச்சைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். களிமண் முற்றிலும் நசுங்கியிருந்தால் அந்த ஸ்டெப்னியோடு லோடு ஏற்றாதீர்கள். டயர் கிழிவது சிறிய நஷ்டம். ஹவுசிங் இடித்து வின்ச் தாங்கி வளைந்தால் டயர் ஓடும்போதே கழன்று விழும்.

கூடுதல் பட்டை சேர்த்து ஆக்சிலைத் தடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். வெறும் வண்டி கட்டை வண்டியாகக் குதிக்கும், டைல்ஸ் ஏற்றுபவருக்கு உடைசல் கணக்கு ஏறும். ஸ்டெப்னிக்காகப் பட்டை சேர்க்காதீர்கள்.

## 4. ரப்பர் கருகும் வாடை

முதலில் பிரேக் பிடித்தபடி இருக்கிறதா என்று பின் டிரம்களின் சூட்டைப் பார்த்து விலக்கிவிடுங்கள். டிரம் ஆறியிருந்தும் வாடை வந்தால் சைலன்சர் குழாய்க்கு அருகே டயரைத் தடவிப் பாருங்கள். பளபளப்பாக, இறுகிப்போன ஒரு திட்டு இருக்கும்.

பி.எஸ்.6 டீசல் வண்டியில் வாடை எப்போதும் வராது. புகைக்கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் புகைப்பாதையின் சூடு வழக்கத்தைவிட மிக அதிகம். வடிகட்டிக்குள் 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். திருமயம் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது வாடை, ஊருக்குள் இல்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

குழாய்க்கும் டயருக்கும் நான்கு விரல் இடைவெளி வேண்டும். குறைந்தால் ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டைக் குறுக்குச்சட்டத்தில் மாட்டி இடையில் நிறுத்துங்கள். தகடு குழாயையும் டயரையும் தொடக்கூடாது. இரண்டு பக்கமும் காற்று போக ஒரு விரல் இடம் விடுங்கள். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் நைந்திருந்தால் குழாய் இறங்கித் தொட்டிருக்கும், தகடு வாங்குமுன் அதை மாற்றிப் பாருங்கள். குழாயை அறுத்து வேறு பக்கம் திருப்புவது, சென்சார் இருக்கும் பகுதியைத் தொடுவது இரண்டும் கம்பெனி சர்வீஸ் ஆட்கள் பார்க்க வேண்டியவை.

## 5. தாழத் தொங்கி வேகத்தடையில் தட்டுகிறது

ஹவுசிங்கின் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு, ஸ்டெப்னியின் அடிப்பக்கம் எவ்வளவு என்று லோடுடன் அளங்கள். ஸ்டெப்னி அதைவிடத் தாழ்ந்திருந்தால் வரப்பு, கண்மாய் மடை, வேகத்தடை எல்லாவற்றிலும் அதுதான் முதலில் இடிக்கும். டயர் பின் ஆக்சிலுக்கு வெகு பின்னால் இருப்பதால் மேட்டிலிருந்து இறங்கி முடிக்கும்போதும் இடிக்கும்.

மேலே சொன்னபடி புரட்டிப் போட்டுப் பார்த்தாயிற்றா? ஆடாமல் இருக்க வைத்த ரப்பர் கட்டைகள் தேவைக்குமேல் கனமாக இருக்கின்றனவா? இரண்டும் சரி என்றால் அடியில் இந்த சைஸுக்கு இடம் இல்லை. நாலா பக்கமும் வெட்டுவதைவிடத் தொட்டிக்குள் முன்பலகையை ஒட்டி நிறுத்தி, இரண்டு போல்ட்டில் பூட்டுவதே மேல். லோடு இடம் ஒரு சாண் போகும். மீன், பால், காய்கறி வண்டிக்காரர்களுக்கு இது சங்கடம். டைல்ஸ், செங்கல் ஏற்றுபவருக்குப் பெரும்பாலும் எடைதான் வரம்பு, இடம் அல்ல. தொட்டிக்கு வெளியே பக்கவாட்டில் தொங்கவிட வேண்டாம், எஃப்.சி. பார்க்கும்போது கேள்வி வரும். டயர் சைஸும் அப்படித்தான்: ஆர்.சி.யில் பதிவான விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது. உங்கள் மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் மாற்று சைஸ்களுக்குள் நிற்பது நல்லது.

## 6. ஹேண்டில் சுற்றுகிறது, டயர் ஏறவில்லை

கம்பி அசைகிறதா பாருங்கள். அசையவே இல்லை என்றால் ஹேண்டில் முனை வின்ச்சின் தலையில் பிடிக்கவில்லை, அல்லது உள்ளே இருக்கும் முளை (பின்) அறுந்திருக்கிறது. அசைகிறது, பாதியில் ‘டக் டக்’ என்று வழுக்குகிறது என்றால் வின்ச் எடையைத் தாங்கவில்லை. டயருக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கொடுத்தபடி சுற்றுங்கள். ஏறிவிட்டால் வின்ச் தேய்ந்துவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

கம்பிக் கயிற்றைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வெறும் விரலால் தடவாதீர்கள், பிசிறு குத்தும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று இழை அறுந்திருந்தாலும் வின்ச்சோடு மாற்றிவிடுங்கள். கிளாம்ப் போட்டு ஒட்டுப் போட்ட கம்பியில் 30 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவது சரியல்ல. மீன் வண்டிகளில் ஐஸ் தண்ணீரும் உப்பும் நேரே வின்ச்சின்மேல் வடிவதால் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தொட்டியின் வடிகால் ஓட்டைக்குக் குழாய் மாட்டி வின்ச்சைத் தாண்டி விடுங்கள்.

## 7. பஞ்சர் நேரத்தில் இறங்க மறுக்கிறது

ஐப்பசி கார்த்திகை மழையில் செம்மண் குழம்பு வின்ச்சுக்குள் போய்க் காய்ந்துவிடும். துருவை இளக்கும் எண்ணெயை ஹேண்டில் ஓட்டை வழியாகவும் கம்பி இறங்கும் வாயிலும் அடித்து, கால்மணி நேரம் விடுங்கள். பிறகு டயருக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ஒரு விரற்கடை தூக்கினால் கம்பியின் இறுக்கம் தளரும். இப்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். ஹேண்டிலில் நீளக் குழாய் செருகி முரட்டுப் பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் முளை அறுந்து, இருந்த வாய்ப்பும் போகும்.

வின்ச் இறங்குகிறது, கம்பி தளர்கிறது, டயர் மட்டும் அப்படியே நிற்கிறது என்றால் சேசிஸுக்குள் சிக்கியிருக்கிறது. காற்றை முழுவதும் இறக்கி, பின்பக்கமிருந்து லீவரால் நெம்புங்கள்.

எதுவும் நடக்காவிட்டால் கம்பியை அறுக்கலாம். ஆனால் டயர் ஜாக்கியின்மேலோ அடுக்கிய மரக்கட்டைகளின்மேலோ முழுவதும் உட்கார்ந்த பிறகுதான், ஹாக்ஸா பிளேடால், பக்கவாட்டிலிருந்து கை நீட்டி. வண்டி லோடோடு சாய்வான இடத்தில் நின்றால் இதைச் செய்யாதீர்கள். பஞ்சர் கடைக்காரரை அழையுங்கள்.

மாதம் ஒருமுறை இறக்கி, கழுவி, கம்பியில் கிரீஸ் தடவி ஏற்றுங்கள். பின் டயருக்கு லோடில் வைக்கும் காற்று அளவையே ஸ்டெப்னிக்கும் வையுங்கள். ரோட்டில் குறைப்பது எளிது, கூட்டுவது கஷ்டம்.

## 8. இறக்கி மாட்டினால் சக்கரத்தில் பொருந்தவில்லை

செகண்ட்ஸில் வாங்கிய டயர் ரிம்மோடு வந்தால் இது நடக்கும். வாங்கும் நாளிலேயே நான்கு மூலையிலும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். போல்ட் துளைகளின் எண்ணிக்கை, இடைவெளி, நடு ஓட்டை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மாட்டிய பின் கையால் சுற்றினால் பிரேக் காலிப்பரில் உரசக்கூடாது. ஓட்டத்தில் அலாய், ஸ்டெப்னி இரும்பு ரிம் என்றால் நட்டைக் கவனியுங்கள்: அலாய் நட்டின் சாய்வு இரும்பு ரிம்மின் குழியில் படியாமல் போகலாம். இரும்பு ரிம்முக்கான நட்டு ஒரு செட் டூல் பையில் கிடக்கட்டும்.

ஸ்டெப்னி மட்டும் பெரிது, ஓட்டத்தில் இருப்பவை பழைய சைஸ் என்றால்: 703-க்கும் 733-க்கும் சுற்றளவில் 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். பின் ஆக்சிலில் மாட்டினால் டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) நேர்ரோட்டிலும் ஓயாமல் சுழன்று சூடாகும். பின் டயர் பஞ்சரானால், முன்னாலிருக்கும் நல்ல டயரைப் பின்னுக்கு மாற்றி, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கும்; 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் அடுத்த பஞ்சர் கடைவரை மட்டும். ஃபோர் வீல் வண்டியானால் அதுவரை ஃபோர் வீலைப் போடாதீர்கள். ஏ.பி.எஸ். விளக்கு எரியலாம், ஒரே சைஸ் டயர் மாட்டி ஓட்டிய பிறகும் அணையவில்லை என்றால் சக்கரச் சென்சார் ஒயர் இழுபட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.